சிலாபத்தின் பெயரில் ஓர் அணி

ரொறன்ரோவில் வாழும் என் பழைய நண்பர் ஒருவர் ஆண்டுதோறும் பெப்ரவரி பிறந்ததும் எனக்குக் கடிதம் எழுதுவார். கொழும்பில் ஒரே பத்திரிகையில் என்னோடு இரவுப்பணி பார்த்தவர். 1980களின் நடுவில் நாட்டைவிட்டுச் சென்றார். கிரிக்கெட்டைத் தவிர வேறு விளையாட்டை விளையாட்டென்றே ஒப்புக்கொள்ளாத மனிதரைக் கனடா மாற்றிவிட்டது. இப்போது அவர் கடிதங்கள் முழுவதும் பேஸ்போல் தான். நகரின் தொழில்முறை அணியான புளூ ஜேஸ் வரப்போகும் பருவத்துக்கு யாரை வாங்கியிருக்கின்றது, யாரை விட்டிருக்கின்றது, யாருடைய தோள்பட்டையில் நோவு என்பதெல்லாம் எனக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது. 2025 நவம்பர் 1ஆம் திகதி, உலகத் தொடரின் ஏழாவதும் இறுதியுமான ஆட்டத்தில், பதினோராவது இன்னிங்ஸ் வரை போராடி 5-4 என்று லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸிடம் அந்த அணி தோற்றபோது, ஒரு மரணவீட்டுச் செய்தியை எழுதுவது போலவே எழுதியிருந்தார். 1992, 1993 ஆகிய இரு ஆண்டுகளிலும் அடுத்தடுத்துக் கிண்ணத்தை வென்ற அணி அது. அதன்பின் வென்றதில்லை.

அவருடைய கடிதங்களில் ஒரு பழைய வேதனையும் திரும்பத் திரும்ப வரும். கொரோனா நோய்ப் பரவலின்போது கனடாவின் எல்லை மூடப்பட்டதால் 2020ஆம் ஆண்டுப் பருவத்தில் புளூ ஜேஸ் தன் 'சொந்த மைதான' ஆட்டங்களில் பெரும்பாலானவற்றை அமெரிக்காவின் பஃபலோ நகரில் ஆடியது. 2021இல் முதலில் புளோரிடாவின் டனீடினிலும் பின்னர் மீண்டும் பஃபலோவிலும் ஆடி, ஜூலை 30ஆம் திகதிதான் ரொறன்ரோவுக்குத் திரும்பியது. 'ஊரின் பெயரைச் சட்டையில் எழுதிக்கொண்டு அயலூரில் ஆடும் அணியை எங்காவது கண்டிருக்கிறாயா?' என்று அப்போது கேட்டிருந்தார்.

கண்டிருக்கிறேன். நோய்ப் பரவல் எதுவும் இல்லாமலே அப்படி ஆடிய ஓர் அணி நம்முடைய நாட்டிலேயே, புத்தளம் மாவட்டக் கரையிலே இருக்கின்றது. அதன் பெயர் சிலாபம் மேரியன்ஸ் கிரிக்கெட் கழகம். அவருடைய கேள்விக்கு ஒரு வரியில் பதில் எழுதிவிட்டேன். அந்த ஒரு வரி போதாது என்ற எண்ணம் இத்தனை ஆண்டுகளும் இருந்துகொண்டே இருந்தது.

சிலாபத்தை அறியாத வாசகர்களுக்காக முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். கொழும்பிலிருந்து புத்தளம் வீதியில் வடக்கே சென்றால் நீர்கொழும்பைக் கடந்து கொச்சிக்கடையில் மா ஓயா குறுக்கிடும். அந்த ஆற்றைத் தாண்டினால் மேல் மாகாணம் முடிந்து வடமேல் மாகாணம் தொடங்குகின்றது. வைக்கால், வென்னப்புவ, மாரவில, மாதம்பை என்று தென்னந்தோப்புகளும் தேவாலயக் கோபுரங்களுமாக வழி நீளும். தெதுறு ஓயா கடலில் கலக்கும் இடத்தருகே சிலாபம். அதற்குக் கிழக்கே சற்றுத் தூரத்தில் முன்னேஸ்வரம். மேலும் வடக்கே உடப்பு, முந்தல், பாலாவி, புத்தளம். பாலாவியில் இடப்பக்கம் திரும்பினால் கற்பிட்டிக் குடாநாடு.

முத்துக் குளிப்பைக் குறிக்கும் 'சலாபம்' என்ற தமிழ்ச் சொல்லிலிருந்துதான் சிலாபம் பிறந்தது என்று சொல்லுவோர் உண்டு. சொற்பிறப்பு ஆராய்ச்சியில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. ஆயினும் இந்தக் கரைக்கும் முத்துக்கும் இருந்த உறவு ஐயத்துக்கு இடமில்லாதது. 1344இல் இபுன் பதூதா என்ற அராபியப் பயணி இறங்கிய 'பத்தாலா' என்ற பட்டினம் புத்தளமே என்பது ஆய்வாளரின் கருத்து. ஆரியச் சக்கரவர்த்தி அவனை வரவேற்றதையும் அங்கே கண்ட முத்துக்களையும் அவன் எழுதிவைத்திருக்கிறான். ஐந்நூறு ஆண்டுகள் கழித்து இதே கரையில் இன்னொரு எழுத்தாளர் தோன்றினார். 1807இல் கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி 1834இல் இலங்கையின் ஊர்கள் அனைத்துக்குமான ஓர் ஆங்கில அகராதியை வெளியிட்டார். 1859இல் தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் 'தமிழ் புளூடாக்' என்ற பெயரில் ஆங்கிலத்தில் தந்தார். சட்டசபை உறுப்பினராகவும் பின்னர் சிலாபத்தின் நீதிபதியாகவும் இருந்தார். ஊர்களின் பெயர்களைத் தொகுத்த முதல் மனிதர் இந்தக் கரையில் பிறந்தவர் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லவிருப்பது ஓர் ஊரின் பெயருக்கு நேர்ந்த கதை.

'வரும் பருவம்' என்ற சொல்லும் இந்தக் கரைக்குப் புதிதல்ல. மன்னார் வளைகுடாவில் முத்துக் குளிப்பு ஆண்டுதோறும் நடக்கவில்லை. அரசாங்க அதிகாரிகள் முன்னதாகவே பார்களைச் சோதித்து, சிப்பிகளை மாதிரிக்கு எடுத்து, அவற்றிலிருந்த முத்துக்களை மதிப்பிட்டபின்னரே பருவத்தை அறிவித்தார்கள். அறிவிப்பு வந்ததும் கீழக்கரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் அராபியக் கரைகளிலிருந்தும் குளியாளர் வந்து குவிந்தனர். வெறும் மணல்வெளியில் சில வாரங்களுக்கு ஒரு பட்டினமே எழுந்து பின்னர் காணாமற்போகும். எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு குளியாளருக்கு, மீதி அரசுக்கு என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வழக்கம். 1905இல் என்றுமில்லாத வருமானம் வந்தது. மறு ஆண்டே அந்த உரிமை ஒரு கம்பனிக்குக் குத்தகையாகப் போயிற்று. சில ஆண்டுகளில் கம்பனியும் கைவிட்டது. ஊரின் பெயர் மட்டும் தங்கிவிட, ஊரின் செல்வம் பருவத்தோடு வந்து பருவத்தோடு போவதை இந்தக் கரை முன்பே பார்த்திருக்கின்றது.

கிரிக்கெட்டுக்கு வருவோம். இலங்கையில் இந்த ஆட்டம் 1832இல் கொழும்பில் வேரூன்றியது. தொடக்கத்தில் வெள்ளைக்காரருடையது. பின்னர் ஒவ்வொரு சமூகமும் தனக்கொரு கழகத்தை அமைத்துக்கொண்டது. பறங்கியருக்கு 1896இல், சிங்களவருக்கும் தமிழருக்கும் 1899இல், சோனகருக்கு 1908இல். இந்தக் கழகங்கள் எல்லாம் கொழும்பில்தான். மெயிற்லண்ட் பகுதியில் மட்டும் எஸ்.எஸ்.சி., என்.சி.சி., கொழும்புக் கிரிக்கெட் கழகம் ஆகிய மூன்றின் மைதானங்களையும் ஒரு சுருட்டு அணைவதற்குள் நடந்தே சுற்றிவந்துவிடலாம். 1938இல் ஒரு பத்திரிகையின் கிண்ணத்துக்காகத் தொடங்கிய கழகங்களுக்கிடையிலான சுற்றுப்போட்டி, 1950-51 பருவத்திலிருந்து பாக்கியசோதி சரவணமுத்துவின் பெயரைத் தாங்கியது. தேயிலைக் கட்டுப்பாட்டாளராக இருந்த சிவில் சேவை அதிகாரி அவர். தமிழ் யூனியன் கழகத்துக்காக வனாத்தமுல்லையில் சதுப்பு நிலத்தைத் தூர்த்து 'ஓவல்' மைதானத்தை எழுப்பியவர். 1982 பெப்ரவரியில் இலங்கையின் முதலாவது டெஸ்ட் போட்டி நடந்ததும் அவர் பெயரைத் தாங்கிய அந்த மைதானத்தில்தான். (அவருடைய சகோதரர் மாணிக்கசோதி சரவணமுத்து எங்கள் தொழிலைச் சேர்ந்தவர். பினாங்கில் பத்திரிகை ஆசிரியராக இருந்தவர். 1941 டிசம்பரில் ஆங்கிலேயர் சொல்லாமல் வெளியேறியபோது அந்தத் தீவின் நிர்வாகத்தைத் தலைமேல் எடுத்துக்கொண்டவர். அது இன்னொரு நாளுக்குரிய கதை.)

இப்படியாக, ஒரு தமிழரின் பெயர் தாங்கிய கிண்ணத்துக்காகக் கொழும்பின் கழகங்கள் ஆடிக்கொண்டிருந்தன. வெளியூர்களுக்கு அதில் இடம் மிக அரிது. 1988-89 பருவத்தில் இச்சுற்றுப்போட்டி முதல்தரத் தகுதி பெற்றது. 1990களில் குருநாகல் இளைஞர் கழகம் போன்ற சில வெளியூர்க் கழகங்கள் உள்ளே வந்தன. 1996 மார்ச் 17ஆம் திகதி லாகூரில் அர்ஜுன ரணதுங்க உலகக் கிண்ணத்தை ஏந்தியபின் கிரிக்கெட்டுக்குள் பணம் பாய்ந்தது. கதவும் இன்னும் கொஞ்சம் திறந்தது. 2000களின் முதல் ஆண்டுகளில் அந்தக் கதவு வழியே வந்த கழகங்களில் ஒன்றுதான் சிலாபம் மேரியன்ஸ். சிலாபத்தின் புனித மரியாள் பாடசாலை மரபிலிருந்து எழுந்த பெயர் அது. கத்தோலிக்க மீனவக் கரையின் பெயர், கொழும்புச் சீமான்களின் பட்டியலில் ஏறியது. சாதாரண விடயமன்று.

ஆனால் அந்தப் பட்டியலின் பக்கத்தில் 'மைதானம்' என்றொரு பகுதி உண்டு. அங்கே சிலாபம் இல்லை. அந்தக் கழகம் நீண்ட காலமாகத் தன் சொந்த மைதானமாகக் கொண்டது கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்தின் விளையாட்டுத் திடலை. சிலாபத்திலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தெற்கே, மா ஓயாவுக்கு அப்பால், வேறு மாவட்டத்தில், வேறு மாகாணத்தில். 1978இல் தொடங்கிய அந்த வலயத்தின் ஆடைத் தொழிற்சாலைகளுக்கு நாடெங்குமிருந்து பெண்பிள்ளைகள் வந்தார்கள். சட்டைகளைத் தைத்தார்கள். சட்டையில் வேறு ஊரின் பெயர் பொறித்து வெளிநாடுகளுக்கு அனுப்பினார்கள். அதே மதிலுக்குள் சிலாபம் என்ற பெயர் பொறித்த சட்டையோடு ஆடினார்கள் நம் வீரர்கள். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. முதல்தரப் போட்டிக்கு வேண்டிய ஆடுதளமும் அரங்கும் விடுதிகளும் வெளியூர்களில் அமைவது அரிது. கழகம் என்ன செய்யும்?

என் பங்குக் குற்றத்தை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். 2000களின் தொடக்கம். நான் இரவுப்பணிப் பொறுப்பில் இருந்த ஒரு தமிழ்ப் பத்திரிகை. செய்தி நிறுவனத்தின் ஆங்கிலப் புள்ளி விபரம் நள்ளிரவு நெருங்கும்போது வந்தது. புதிதாகச் சேர்ந்த உதவி ஆசிரியர், கெட்டிக்காரப் பிள்ளை, வன்னியிலிருந்து வந்தவர், அதை விரைவாகத் தமிழாக்கித் தந்தார். நான் ஓட்டங்களையும் விக்கெட்டுகளையும் சரிபார்த்தேன். பெயர்களைப் பார்க்கவில்லை. மறுநாள் பத்திரிகையில் 'சிலோ மரைன்ஸ்' என்றோர் அணி எஸ்.எஸ்.சி.யுடன் மோதியிருந்தது. கடற்படையின் இன்னோர் அணி என்று அவர் எண்ணியிருக்கிறார். ஆங்கிலத்தில் எழுதப்படும் அந்த ஊர்ப்பெயரைப் பார்த்து அது சிலாபம் என்று அறிவதற்கு அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

சில நாட்களில் ஒரு தபாலட்டை வந்தது. சிலாபத்திலிருந்து ஒரு முதியவர். நடுங்கும் கையெழுத்தில், அழகான பழைய தமிழில் எழுதியிருந்தார். தன் பேரப்பிள்ளைகள் எவருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாதென்றும், வீட்டில் தமிழ்ப் பத்திரிகை வாங்குகிறவர் தான் ஒருவரே என்றும், அவர்களுக்கு வாசித்துக் காட்டுவதற்காகத்தான் அன்று அந்தப் பக்கத்தை விரித்ததாகவும் சொல்லியிருந்தார். 'சிங்களப் பத்திரிகையில் எங்கள் ஊரின் பெயர் சரியாக இருந்தது' என்பது கடைசி வாக்கியம். மறுநாள் பிழைதிருத்தம் போட்டோம், இரண்டு வரிகளில், எட்டாம் பக்கத்தில்.

அந்தத் தபாலட்டைக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டு இருக்கின்றது. நீர்கொழும்பிலிருந்து சிலாபம் கடந்தும் நீளும் இந்தக் கரையின் கத்தோலிக்க மக்களில் பெரும்பாலானோரின் பாட்டன் பூட்டன்மார் வீட்டில் பேசியது தமிழ். மன்றாட்டுகளையும் தமிழில் சொன்னார்கள். 1939இல் சிலாபம் தனி மறைமாவட்டமாயிற்று. 1940 முதல் 1972 வரை ஆயராக இருந்த எட்மன்ட் பீரிஸ் கற்றறிந்த மனிதர். சிங்கள இலக்கியத்திலும் இலங்கைத் திருச்சபை வரலாற்றிலும் ஆழ்ந்தவர். கத்தோலிக்கப் பாடசாலைகளில் போதனாமொழி தமிழிலிருந்து சிங்களத்துக்கு மாறியதோடு அவர் பெயரை இணைத்துப் பேசுவது வழக்கம். ஒருவர்மேல் மட்டும் பழியைப் போடுவது எனக்கு உடன்பாடில்லை. தொழில், அரசாங்க உத்தியோகம், அயலார் உறவு, தேர்தல் என்று எல்லாமே ஒரே திசையில் தள்ளிக்கொண்டிருந்தன. யாழ்ப்பாணத்துத் தமிழ் அரசியலோ இந்தக் கரையைத் தன் கரையாக எண்ணியதில்லை. விளைவு என்னவென்றால், இரண்டு மூன்று தலைமுறைகளுக்குள் ஒரு கரையின் மொழி மாறியது. உடப்பும் அதை அண்டிய சில ஊர்களும், புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளின் முஸ்லிம் மக்களும் தமிழை வைத்திருந்தார்கள். மற்ற இடங்களில் தமிழ், முதியோரின் வாயில் செபமாகவும் ஊர்களின் பெயர்களில் ஓசையாகவும் மிஞ்சியது.

ஆகவே சிலாபம் மேரியன்ஸ் என்ற பெயரைத் தமிழ்ப் பத்திரிகை பிழையாக அச்சிட்டது வெறும் எழுத்துப்பிழை அன்று. நாம் அந்த ஊரை மறந்துவிட்டோம் என்பதற்கு நாமே கொடுத்த எழுத்துமூலச் சான்று.

கழகமோ யார் மறந்தாலும் ஆடிக்கொண்டிருந்தது. தொழில்முறை ஆட்டத்தின் இயல்புப்படி, ஆட வந்தவர்களில் பலர் சிலாபத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர். எங்கே இடம் கிடைக்கின்றதோ, எங்கே ஊதியம் ஒழுங்காக வருகின்றதோ அங்கே செல்வது வீரனின் பிழைப்பு. ரொறன்ரோவின் அணியில் எத்தனை பேர் ரொறன்ரோவில் பிறந்தவர்கள் என்று என் நண்பரைக் கேட்டால் அவரும் பேச்சை மாற்றிவிடுவார். மகேல உடவத்த, ஷெஹான் ஜயசூரிய, ஓஷத பெர்னாண்டோ என்று நாட்டுக்காக ஆடியவர்கள் சிலாபத்தின் சட்டையை அணிந்திருக்கிறார்கள். 2019 பெப்ரவரியில் போர்ட் எலிசபெத்தில் குசல் மெண்டிஸோடு சேர்ந்து ஆட்டமிழக்காமல் 75 ஓட்டங்கள் எடுத்து, தென்னாபிரிக்க மண்ணில் டெஸ்ட் தொடரை வென்ற முதலாவது ஆசிய அணி என்ற பெருமையை இலங்கைக்குத் தந்தவர் ஓஷத. அதற்கு ஓராண்டு முன்னர், 2017-18 பருவத்தில், சிலாபம் மேரியன்ஸ் நாட்டின் முதல்தரக் கழகச் சம்பியனாகியது. எஸ்.எஸ்.சி.யையும் தமிழ் யூனியனையும் கொழும்புக் கழகத்தையும் பின்தள்ளி, ஒரு கரையோரச் சிறுநகரின் பெயர் பட்டியலின் உச்சியில் நின்றது. அன்று சிலாபத்தில் வெடி கொளுத்தினார்களா என்று விசாரித்தேன். ஒருவர் சொன்னார்: 'அன்றைக்கு மீன் விலைதான் பேச்சு.'

இருந்தும் ஊரிலேயே பிறந்து அந்தக் கழகத்தில் ஆடிய ஒருவனைச் சொல்லாமல் போனால் இந்தக் கட்டுரை அநியாயமாகிவிடும். ஷமிந்த எரங்க, 1986இல் சிலாபத்தில் பிறந்தவர். கொழும்பின் புகழ்பெற்ற பாடசாலைகள் வழியாக வந்தவர் அல்லர். வேகப்பந்து வீச்சாளரைத் தேடிய முயற்சியொன்றில் பயிற்றுநர் சம்பக்க ராமநாயக்கவின் கண்ணில் பட்டவர். 2011 செப்டெம்பரில் தன் முதல் டெஸ்டில் வீசிய முதல் பந்திலேயே ஷேன் வொட்சனை ஆட்டமிழக்கச் செய்தார். பெரும்பாலானோர் அதை மறந்திருப்பார்கள். 2014 ஜூன் 24ஐ மறந்திருக்கமாட்டார்கள்.

லீட்ஸ் ஹெடிங்லி மைதானம். இங்கிலாந்துக்கு எதிரான இரண்டாவது டெஸ்டின் ஐந்தாம் நாள், இறுதி ஓவர். மொயின் அலி சதம் கடந்து ஒரு முனையில் நிற்கிறார். மறுமுனையில் ஜேம்ஸ் அன்டர்சன், 54 பந்துகளைச் சந்தித்து ஓட்டமெதுவும் எடுக்காமல், தோல்வியைத் தடுத்துக்கொண்டிருக்கிறார். பந்து எரங்கவின் கையில். நான்கு பந்துகள் போயின. ஐந்தாவது பந்து எழும்பியது. அன்டர்சன் உடம்பைக் காக்க மட்டையை உயர்த்தினார். பந்து மேலெழுந்து ரங்கன ஹேரத்தின் கைகளில் விழுந்தது. ஒரு பந்து மீதமிருக்க, 100 ஓட்டங்களால் வெற்றி. ஒன்றுக்கு மேற்பட்ட போட்டிகளைக் கொண்ட டெஸ்ட் தொடரை இங்கிலாந்தில் இலங்கை வென்றது அதுவே முதல் தடவை. பந்தை வீசியவர் புத்தளம் மாவட்டத்தவர், பிடித்தவர் குருநாகல் மாவட்டத்தவர். வடமேல் மாகாணம் முழுவதும் அந்தப் புள்ளியட்டையின் ஒரே வரியில் இருந்தது. இதை எழுதிய பத்திரிகை எதையும் நான் காணவில்லை. எங்களுடையதும் எழுதவில்லை.

எரங்கவின் கதை பின்னர் வாடியது. 2016இல் பந்துவீச்சுப் பாணியில் குறை காணப்பட்டுத் தடைவிதிக்கப்பட்டார். அதே நாட்களில் இதயத்துடிப்புக் கோளாறினால் மருத்துவமனையிலும் கிடந்தார். வேகப்பந்து வீச்சாளனின் பருவம் குறுகியது.

மாகாணத்தின் பெயரும் ஒருமுறை வெகுதூரம் பயணம் செய்தது. மாகாணங்களுக்கிடையிலான இருபது ஓவர் போட்டியை வென்ற வயம்ப அணி 2009இல் இந்தியாவிலும் 2010இல் தென்னாபிரிக்காவிலும் நடந்த சம்பியன்ஸ் லீக்கில் ஆடியது. வயம்ப என்றால் வடமேல். ஜெஹான் முபாரக் தலைமையில் மகேல ஜயவர்தன, ஹேரத், அஜந்த மெண்டிஸ், திசர பெரேரா. 2009இல் டில்லியில் விக்டோரியாவை வென்றும் ஓட்ட விகிதத்தில் வெளியேறினார்கள். 2010இல் செஞ்சூரியனில் சென்னை சூப்பர் கிங்ஸ் 200 ஓட்டங்கள் குவிக்க, வயம்ப 103க்குச் சுருண்டது. அன்று சென்னை அணியில் முரளிதரன் இருந்தார். உலகெங்கும் இருந்த தமிழர் எல்லோரும் சென்னைக்குக் கைதட்டினர். சிலாபமும் புத்தளமும் உடப்பும் எதிரணியின் பெயருக்குள் இருப்பதை யார் நினைத்தார்கள்? நான் நினைக்கவில்லை. பிறகுதான் உறைத்தது.

இந்த இடத்தில் யாழ்ப்பாணத்து வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். லங்கா பிரீமியர் லீக்கில் யாழ்ப்பாணத்தின் பெயரைத் தாங்கிய அணி 2020, 2021, 2022, 2024 என்று நான்கு முறை கிண்ணத்தை வென்றது. புலம்பெயர்ந்த தமிழரின் பணமும் பாசமும் அந்த அணியின் பின்னால் நின்றன. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் அதன் சட்டையை அணிந்து பிள்ளைகள் திரிந்தார்கள். அந்த நான்கு கிண்ணங்களில் எதற்காகவும் ஒரு பந்தேனும் யாழ்ப்பாண மண்ணில் வீசப்படவில்லை. ஹம்பாந்தோட்டையிலும் கொழும்பிலும் கண்டியிலும் தம்புள்ளையிலும் ஆடினார்கள். 2025 இறுதியில் நடக்கவிருந்த அடுத்த போட்டி ஒத்திவைக்கப்பட்டது. சிலாபம் இருபது ஆண்டுகளாக அனுபவித்ததை யாழ்ப்பாணம் இப்போது பளபளப்பான மேடையில் அனுபவிக்கின்றது. ஆயினும் யாழ்ப்பாணத்துக்குக் குரல் உண்டு. 2025 செப்டெம்பர் 1ஆம் திகதி மண்டைதீவில் சர்வதேச மைதானம் ஒன்றுக்கு ஜனாதிபதி அடிக்கல் நாட்டினார். (சதுப்பு நிலத்தில் கட்டுவது சரியா என்ற சூழலியலாளரின் கேள்வி நியாயமானது. சரவணமுத்துவின் காலத்தில் அப்படிக் கேட்பாரில்லை.) விஜயகாந்த் வியாஸ்காந்த் என்ற யாழ்ப்பாண இளைஞன் அந்த அணியின் வழியாக மேலே வந்தான். பெயர் ஓர் ஏணியாயிற்று. சிலாபத்தின் பெயர் அங்கே பிறந்த எத்தனை பேருக்கு ஏணியாயிற்று என்று எண்ணினால் எரங்கவுக்குப் பிறகு விரல் தயங்குகின்றது.

இன்னும் வடக்கே போனால் அந்தத் தயக்கமும் இல்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்ட வடபுலத்து முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் வந்து தங்கியது புத்தளத்திலும் கற்பிட்டியிலும்தான். ஓலைக் கொட்டில்களுக்கு இடையே இருந்த மணலில் அவர்களின் பிள்ளைகள் உதைபந்தாடி வளர்ந்ததை நான் நேரில் கண்டிருக்கிறேன். முப்பத்தைந்து ஆண்டுகளில் அந்தப் பிள்ளைகளுக்குப் பிள்ளைகள் பிறந்துவிட்டார்கள். அவர்கள் பேசுவது தமிழ். கழகக் கிரிக்கெட்டின் பருவம் அவர்களுக்குப் பத்திரிகைச் செய்திதான்.

தெற்கே வென்னப்புவ, மாரவில பக்கத்தில் வேறொரு பருவம். அங்கிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் இத்தாலிக்குப் போயிருக்கிறார்கள். அந்த இத்தாலி 2025 ஜூலையில் முதன்முறையாக இருபது ஓவர் உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றது. அதன் அணியில் கிரிஷான் களுகமகே போன்று இலங்கையில் பிறந்தவர்கள் இருந்தார்கள். சோளகம் பெயர்ந்தால் வாடிகளைத் தூக்கிக்கொண்டு கிழக்குக் கரைக்குப் போகும் மீனவரின் பிள்ளைகளுக்கு, மட்டையைத் தூக்கிக்கொண்டு போவதும் கைவந்த பழக்கம்தான் போலும்.

அடுத்த பருவத்துக்கான போட்டி அட்டவணை வெளிவரும்போது என் நண்பர் புளூ ஜேஸின் பட்டியலைப் பார்ப்பது போல நானும் எங்களுடைய பட்டியலைப் பார்ப்பேன். யார் அணித்தலைவர், யார் கழகம் மாறினார் என்பதை இளையவர்கள் எழுதட்டும். நான் பார்ப்பது மைதானத்தின் பெயர் எழுதியிருக்கும் இடத்தை. கழகங்களைக் குறைக்க வேண்டும், மாகாணங்களுக்கோ மாவட்டங்களுக்கோ முதலிடம் தர வேண்டும் என்று முன்னாள் வீரர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். கழகங்களின் கையில் நிர்வாகத் தேர்தலின் வாக்குகள் இருக்கும்வரை அது எளிதில் நடக்காது. நடந்தால் சிலாபம் என்ற பெயர் பட்டியலிலிருந்தே போய்விடவும் கூடும். போகாமல், மைதானமும் சிலாபத்தில் அமைய வேண்டும் என்பது என் ஆசை. சிலாபம் நகருக்குள் ஒரே ஒரு போட்டி, பேராலய மணி கேட்கும் தூரத்தில்.

அண்மையில் முன்னேஸ்வரத்துக்குப் போய்விட்டு உடப்பு வரை சென்றேன். பிற்பகல். கரைவலை இழுத்து முடித்திருந்தார்கள். ஈர மணலில் பத்துப் பன்னிரண்டு சிறுவர்கள் தென்னம்மட்டையைச் செதுக்கிய துடுப்போடும் ரெனிஸ் பந்தோடும் ஆடிக்கொண்டிருந்தார்கள். பந்துவீசிய பையன் நல்ல உயரம். ஓடிவரும் லாவகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஓவர் முடிந்ததும் அவனைக் கூப்பிட்டு, 'தம்பி, சிலாபம் மேரியன்ஸ் தெரியுமா?' என்று கேட்டேன்.

'தெரியும் ஐயா,' என்றான். 'அது கொழும்பு டீம்தானே?'

சொல்லிவிட்டு அடுத்த ஓவருக்கு ஓடிவிட்டான். பந்து கடலுக்குள் போய்விட்டது. அதை எடுக்க இரண்டு பேர் அலைக்குள் இறங்கியிருந்தார்கள்.